சரியாக எட்டு மணிக்கு ஒரு பிணம்

எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டையில் ஒரு கொலை நடந்துவிட்டது. பதற வேண்டாம். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதி, பத்தாம் பாடத்தில் வருஷா வருஷம் நடக்கிற கொலைதான். இரவு சரியாக 8 மணிக்குத் துப்பறிபவர் பிணத்தைக் கண்டுபிடிக்கிறார். கையோடு தெர்மாமீட்டர் கொண்டுவந்திருக்கிறார். உடம்பு 70 டிகிரி பாரன்ஹீட். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி அளக்கிறார், 60. அறையின் வெப்பநிலை 50. உயிரோடு இருக்கும்போது உடம்பு 98.6. கொலை எப்போது நடந்தது?

அக்கா மகன் மளமளவென்று போட்டுவிட்டான். நியூட்டனின் குளிர்ச்சி விதி, தொகையீடு, மாறிலி, மடக்கை. மாலை ஐந்தரை வாக்கில் ஆள் காலி. அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு.

"ஏப்பா, 50 பாரன்ஹீட்டுன்னா செல்சியஸ்ல எவ்வளவு?" என்று கேட்டேன்.

"பத்து, மாமா."

"நம்ம ஊர்ல எந்த வீட்டு அறைடா பத்து டிகிரில இருக்கு?"

நிமிர்ந்து பார்த்தான். கிறுக்குப் பிடித்த மாமாவைப் பார்க்கிற பார்வை. "கேள்வியில குடுத்திருந்தா எடுத்துக்கணும், மாமா."

எடுத்துக்கணும். கொடுத்தால் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏன் கொடுத்தாய் என்று கேட்கக் கூடாது. பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போய்ப் பிள்ளை கற்றுக்கொண்ட ஒரே தேற்றம் இதுதான். இதை மட்டும் யாரும் அவனுக்கு நிறுவிக் காட்டவில்லை. அவனும் கேட்கவில்லை.

புத்தகம் எழுதியவர்களைத் திட்டப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2019இல் வந்த இந்தப் புத்தகத்தில் பாடுபட்டிருக்கிறார்கள். ஐந்தாம் பாடத்தில் பரவளையத்தை வைத்துப் பாலத்தின் வளைவை அளக்கச் சொல்கிறார்கள். ராக்கெட் வாணம் 4 மீட்டர் உயரம் போய் 12 மீட்டர் தள்ளி விழுந்தால் எந்தக் கோணத்தில் கிளம்பியது என்று கேட்கிறார்கள். கணக்கைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற நல்ல எண்ணம். அதை நாம் சும்மா விடுவோமா? 'புக் பேக்' என்று பெயர் வைத்து, கைடில் விடை அச்சடித்து, 'ஃபைவ் மார்க், இம்பார்ட்டண்ட், ஸ்டார் போட்டுக்கோ' என்று முத்திரை குத்தி, மறுபடி தெருவிலிருந்து உள்ளே இழுத்துப் பூட்டிவிட்டோம். தீபாவளிக்கு மொட்டை மாடியில் ராக்கெட் விட்டு, அது வைக்கோல் படப்பில் போய் விழுந்ததும் ஓடி ஒளிந்தவன்தான் இவன். அந்தக் கோணமும் இந்தக் கோணமும் ஒன்று என்று இன்றுவரை அவனுக்குத் தோன்றியதில்லை.

வெக்டர் பாடம் இதைவிட மோசம். அது பஜனை. முக்கோணத்தின் குத்துக்கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கும் என்று வெக்டர் முறையில் நிறுவ வேண்டும். என் காலத்தில் இதற்கு 10 மார்க். இப்போது விலை குறைந்து 5. நாங்களும் இதை அர்ச்சனை மாதிரிதான் சொன்னோம், இவனும் அப்படியே சொல்கிறான். ஐ கேப், ஜே கேப், கே கேப் என்று தொப்பி போட்ட மூன்று தெய்வங்கள். நான் அதே முக்கோணத்தைத் தலைகீழாக வரைந்து, "இதுக்குப் போடு" என்றேன். "இந்தப் படம் கிடையாது மாமா" என்றான். படம் இல்லாத கடவுளுக்கு எப்படிக் கற்பூரம் காட்டுவது?

கம்பம் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் இறங்குகிற காற்று ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டுப் போகிறது. அளவும் திசையும் உள்ள ஒரு பொருளைக் காட்டு என்றால் இங்கே கதவைத் திறந்தால் போதும், முகத்தில் அறையும். ஆனால் வீட்டுப்பாடம் எழுதும்போது நோட்டுப் பக்கம் பறக்கிறது என்று அந்தக் கதவைத்தான் முதலில் சாத்துகிறோம்.

கணக்கு வாத்தியார்களின் மேல் பாய்வதில் எனக்கு ருசி இல்லை. நல்ல வாத்தியார் ஒருவர் வெக்டரைச் சொல்லித்தர வகுப்பை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார் என்று வையுங்கள். அடுத்த மாவட்டக் கூட்டத்தில் அவருடைய தலைமையாசிரியர் எழுந்து நிற்க வேண்டும். தேர்ச்சி விகிதம் ஏன் ஒன்றரை சதவீதம் இறங்கியது? ஆறு என்ற பதிலுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. ஆகவே 'மினிமம் மெட்டீரியல்'. எதைப் படித்தால் பாஸ் ஆகலாம் என்ற பத்துப் பதினைந்து பக்கம். மெல்லக் கற்கும் பிள்ளைக்கு இரக்கப்பட்டுக் கொடுக்கிறார்கள். பசித்தவனுக்குச் சோற்றின் படத்தைக் கொடுப்பதும் ஒருவகை இரக்கம்தான்.

பொறியியல் கலந்தாய்வில் 200 கட் ஆஃப். அதில் 100 கணக்குக்கு. மீதி நூறை இயற்பியலும் வேதியியலும் பங்கு போட்டுக்கொள்கின்றன. கணக்கு இங்கே டிக்கெட். டிக்கெட்டைக் கிழித்துக் காட்டிவிட்டு உள்ளே போனால் சரி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எவன் படிப்பான்?

ரிசல்ட் அன்று திருவிழா. 2023இல் மாநிலம் முழுவதும் பிளஸ் டூ கணிதத்தில் சென்டம் எடுத்தவர்கள் 690 பேர். 2024இல் 2,587 பேர். இந்த இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு பத்தாம் பாடத்தில் பாக்டீரியா பெருகுகிற கணக்குக்குச் சொல்லித்தரும் அதே சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். அடுத்த வருஷம் 9,700 பேர். அதற்கடுத்து 36,000. 2027இல் 1 லட்சத்து 36 ஆயிரம். 2028இல் 5 லட்சம். 2029இல் 19 லட்சம். அதாவது பரீட்சை எழுதாதவர்களும் சென்டம் வாங்கியிருப்பார்கள். அபத்தமாக இருக்கிறதா? சூத்திரம் சரி, விடை சரி, ஸ்டெப் மார்க் முழுசாகக் கிடைக்கும். இந்தக் கணித மாதிரி உலகத்தோடு பொருந்துகிறதா என்று கேட்கத்தான் மார்க் கிடையாது. கணித மாதிரி என்ற சங்கதியின் உயிரே அந்தக் கேள்விதான். அதை எடுத்துவிட்டுத் தோலைப் பாடத்திட்டத்தில் மாட்டி வைத்திருக்கிறோம்.

பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை அக்கா அவனைக் குச்சனூருக்குக் கூட்டிப்போய் எள் தீபம் போட வைத்தாள். பக்கத்து ஊர்தானே. போகட்டும், மனசுக்கு ஒரு தெம்பு. ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்தக் கம்பம் பள்ளத்தாக்கிலேயே துணையலகுச் சமன்பாட்டை ஒழுங்காகப் பயன்படுத்துகிற ஒரே ஆள் பஞ்சாங்கக்காரர்தான். காலத்தைச் சொன்னால் இடத்தைச் சொல்கிறார். சனி 29½ வருஷத்தில் ஒரு சுற்று, ஒரு ராசியில் இரண்டரை வருஷம். சனி போகும் பாதை நீள்வட்டம். அதே ஐந்தாம் பாடம்.

இங்கேதான் வேடிக்கை. கும்ப ராசிக்குச் சனி எப்போது போனார்? திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2023 டிசம்பர் 20. ஒரே கிரகம், ஒரே வானம், பதினோரு மாத வித்தியாசம்! வாக்கிய முறை, என்றோ ஒரு காலத்தில் கணித்த எண்களைச் சொற்றொடர்களாகக் கட்டி, மனப்பாடம் செய்து, வழிவழியாக ஒப்பிப்பது. கட்டியவர்கள் மேதைகள், அதில் சந்தேகமே இல்லை. அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். பின்னால் வந்தவர்கள் வாக்கியத்தைப் பார்த்தார்கள். பிழை வட்டியும் முதலுமாக ஏறி இன்று பதினோரு மாதமாக நிற்கிறது. இருட்டியதும் மொட்டை மாடிக்குப் போய் சனி எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்தால் எது சரி என்று தெரிந்துவிடும். பிளஸ் டூ பிள்ளைக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் உண்டா? நாம் என்ன செய்தோம்? இரண்டு தேதிக்கும் பரிகாரம் செய்தோம்.

நம் பள்ளிக்கூடங்கள் வாக்கியப் பள்ளிக்கூடங்கள். வானம் எங்கே போனாலும் வாக்கியம் மாறாது.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது. மார்க்கையன்கோட்டை வயலுக்கு வருகிற தண்ணீரை, அதை நம்பிய இருபோகத்தை, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரை, ஒரு வரைபடம் ஆள்கிறது. எக்ஸ் அச்சில் தேதி, ஒய் அச்சில் அடி. முல்லைப் பெரியாறு அணையில் எந்தத் தேதியில் எத்தனை அடிவரை தண்ணீர் நிற்கலாம் என்று மத்திய நீர் ஆணையத்தின் ஒப்புதலோடு போட்ட கோடு. பெயர் 'ரூல் கர்வ்'. அணையின் முழு உயரம் 152 அடி. 2014 மே 7இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 142 வரை தேக்கலாம் என்றது. சரி, ஜெயித்தோம் என்று பட்டாசு வெடித்தோம். பிறகு அந்த 142க்குள் ஒரு கோடு நுழைந்தது. செப்டம்பர் 20 வாக்கில் 142ஐத் தொடலாம். அக்டோபர் கடைசியில் 138க்கு இறங்கிவிட வேண்டும். அங்கிருந்து மெல்ல ஏறி நவம்பர் 30இல் மறுபடி 142. ஒட்டகத்தின் முதுகு மாதிரி இரண்டு திமில்.

2021 அக்டோபர் 29 காலையில், தண்ணீர் 138ஐத் தாண்டி நின்றபோது, மதகு திறந்தது. கேரள அமைச்சர்கள் அங்கே நின்றிருந்தார்கள். தண்ணீர் மேற்கே இடுக்கிக்குப் போனது. இங்கே கொந்தளித்தோம். யார் திறந்தது, யார் சாவியைக் கொடுத்தது என்று கட்சிகள் மேடை போட்டன. அத்தனை ஒலிபெருக்கியில் ஒன்றாவது, அந்தக் கோட்டை ஒரு கரும்பலகையில் வரைந்து, "அய்யா, இதுதான் உங்கள் தண்ணீரின் தலையெழுத்து, இந்த இடத்தில் ஏன் இறங்குகிறது என்று கேளுங்கள்" என்று சொல்லியிருந்தால் அந்தத் தலைவருக்கு என் ஓட்டை ஆயுளுக்கும் எழுதிக்கொடுத்திருப்பேன். சொல்ல முடியாது. சொன்னால் கூட்டம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். கணக்குப் போடும் கூட்டம் அதோடு நிற்காது. கண்மாய் தூர்வாரிய பில்லையும் கேட்கும், மணல் போன லாரியையும் எண்ணும்.

அதனால்தான் அன்று ராத்திரி பிணத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, கிராப் தாளை எடுக்கச் சொன்னேன். அக்டோபர் 31, 138 அடி. நவம்பர் 30, 142 அடி. "ரெண்டு புள்ளி. சாய்வு என்ன?" முப்பது நாளில் நாலு அடி, போட்டான். அப்புறம் பென்சிலைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தான். "மாமா, 31ஆம் தேதி திறந்து விட்டுட்டு, நவம்பர் பாதில மழை நின்னுபோச்சுன்னா அந்த நாலு அடிய யாரு குடுப்பா?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மிகை இல்லை. மாதிரி என்றால் அதற்கடியில் ஓர் அனுமானம் படுத்திருக்கும், அதைத் தட்டி எழுப்ப வேண்டும் என்று எவனும் சொல்லித்தராமல் பையன் தட்டிவிட்டான். அணை உடைந்தால் கீழே உள்ளவர்கள் கதி என்ன என்ற கேரளத்தின் பயத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். "போடலாம் மாமா, எவ்வளவு தண்ணி எவ்வளவு நேரத்துல வரும்னு குடுங்க" என்றான். பல பத்தாண்டு வழக்கு, இரண்டு மாநிலம், கணக்கில்லாத வக்கீல் பீஸ். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு பக்கத்துக் கேள்வியையும் ஒரே தாளில் எழுதுகிறான் பதினேழு வயசுப் பையன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கிடைத்தது, பிணக் கணக்கில் அலகு எழுதாததற்கு அரை மார்க் வெட்டு.

ஜனவரி 15 வந்தால், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக் பெயரில் பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள். நன்றி மறக்காத மண், பெருமைதான். ஆனால் அந்த மனிதர் என்ன செய்தார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அணை கட்டச் சொத்தை விற்றார் என்பார்கள். அந்தக் கதையைக் காலண்டரிலும் படித்தாயிற்று, மேடையிலும் கேட்டாயிற்று. மேற்கே ஓடிய ஆற்றை மறித்து, ஒரு மைலுக்கு மேல் மலையைக் குடைந்து, 104 அடி மட்டத்துக்கு மேல் நிற்கும் தண்ணீரைக் கிழக்கே இறக்குவது என்றால் எந்தச் சரிவு, எவ்வளவு வேகம், எத்தனை கன அடி? 1895இல் தண்ணீர் வந்தது கணக்கினால். நாம் கணக்கை விட்டுவிட்டு மீசையை மட்டும் வரைந்து மாலை போடுகிறோம். தெய்வமாக்கிவிட்டால் ஒரு வசதி. அவரிடம் சந்தேகம் கேட்க வேண்டியதில்லை.

சுரங்கம் என்றதும் இன்னொன்று. புத்தகத்தில் மலையைக் குடைந்து நாலுவழிச் சாலை போடும் கணக்குக்கு விடை, வாயின் அகலம் 26.66 மீட்டர். மேற்கே அம்பரப்பர் மலையடியில், பொட்டிபுரத்தில், நியூட்ரினோ ஆய்வகத்துக்காக மலைக்குள் குடையத் திட்டமிட்ட பெரிய அறையின் அகலம் 26 மீட்டர். நீளம் 132, உயரம் 20. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, சுமார் 1,500 கோடி. வேண்டும் என்றவர்கள் ஆங்கிலத்தில் வரைபடம் காட்டினார்கள். வேண்டாம் என்றவர்கள் சிலர், ஒவ்வொரு நொடியும் எல்லோர் உடம்பிலும் சூரியனிலிருந்து கோடிக்கணக்கில் புகுந்து போகிற நியூட்ரினோவையே பேய் என்று காட்டினார்கள். வெட்டி எடுக்கும் பாறை எத்தனை லாரி, வெடி அதிர்வு எத்தனை தூரம் போகும், ஊற்று எங்கே போகும் என்று விவசாயி கேட்டது நியாயமான கேள்வி. அதை அவருடைய மகனே கணக்காகப் போட்டுப் பார்த்திருக்கலாம். பக்கத்து மலையில் பாடம் நடந்துகொண்டிருந்தபோது வகுப்பில் முகவரி இல்லாத ஒரு மலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள்.

கடைசியாக ஒரு துணையலகு. டி என்பது மெய்யெண், எந்த மதிப்பையும் எடுக்கலாம் என்கிறது பாடம். எங்கள் பக்கம் டி எடுக்கிற மதிப்பு விடியற்காலை. பல ஊர்களிலிருந்து பெண்கள் அந்த நேரத்தில் சோற்று வாளியோடு ஜீப் ஏறுகிறார்கள், இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு. போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு. ஜீப்பில் எத்தனை பேர் உட்கார வேண்டும் என்று ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது; எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று விபத்து நடந்த மறுநாள் பேப்பரில் வருகிறது. பக்கத்துத் தெரு அத்தை ஒருத்தி அப்படித்தான் போய்வருகிறாள். "பெரியவன் மேத்ஸ் குரூப்புப்பா, அவனுக்கு ஃபீஸ் கட்டணும்ல" என்பாள். மகன் வீட்டில் உட்கார்ந்து, ஆதியிலிருந்து புறப்பட்ட ஒரு புள்ளி வளைகோட்டில் நகர்வதற்குச் சமன்பாடு எழுதுகிறான். புள்ளிக்கு எடை கிடையாது.

அக்கா மகனிடம் கடைசி வீட்டுப்பாடமாக அதைத்தான் கொடுத்தேன். வளைவில் திரும்புகிற ஜீப்பை வரை. அதன் மேல் செயல்படுகிற வெக்டர்களை அம்புக்குறியால் காட்டு. எடை கீழ்நோக்கி என்றான். அனுமதித்ததைப் போல இரண்டு மடங்கு ஆள் என்பதால் அம்பை நீளமாக வரைந்தான். தேய்ந்த டயர் என்பதால் உராய்வுக்குச் சின்ன அம்பு. "எட்டு மணிக்குத் தோட்டத்துல நிக்கலைன்னா அரைநாள் கூலி கட்" என்றேன்; வேகத்தைக் கூட்டினான். "ஆளைக் குறைச்சா டிரைவருக்கு டீசல் காசு தேறாது" என்றேன். தலையைச் சொறிந்துவிட்டு அதற்கும் ஓர் அம்பு போட்டான். சோதனைச் சாவடியில் கை நீட்டுகிறவருக்கு எந்தத் திசையில் அம்பு போடுவது என்று கேட்டான். உன் விருப்பம் என்றேன்.

"சரி, தொகுபயன் எந்தப் பக்கம்?"

ஸ்கேலைக்கூட எடுக்கவில்லை. "பள்ளத்துப் பக்கம், மாமா."